உச்சிக்குழி

பாலைச் சூடாக வைக்கவேண்டாம், டாக்டரம்மா. பூந்தி ஆறிய பால்தான் குடிக்கும். அதிலும் பால் பாதி, அரிசி களைந்த தண்ணீர் பாதி. இப்போது அது குடிக்கிற நிலையில் இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. எழுந்த பிறகு கேட்குமே என்று சொல்லிவைத்தேன்.

அதன் வயதைக் கேட்டீர்கள். உள்ளே வரும்போதே இரண்டு வயது என்று சொன்னேன். நீங்கள் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "வயச சரியா சொல்லுங்கம்மா. மயக்க மருந்து அதைப் பாத்துத்தான் போடணும். காலையிலேர்ந்து முக்குது, குட்டி வழியில மாட்டிக்கிட்டு நிக்குது" என்றீர்கள். சொல்கிறேன். ஆனால் எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியாது. எட்டாவதோடு என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். ஆட்களிடம் பேசிப் பழக்கமில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். நீங்கள் கையை நிறுத்தவேண்டாம், ஊசிக்கு ஆகவேண்டியதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

பூந்தியைச் சுற்றிக்கொண்டு வந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததிலிருந்து நீங்கள் பேச்சைக் குறைத்துவிட்டீர்கள். அதற்கும் வருகிறேன்.

எனக்குப் பூனை வளர்க்கும் ஆசை இருந்ததில்லை. எங்கள் தெருவில் எனக்கு அக்கா முறையில் மெஹராஜ் பேகம் என்று ஒரு லாத்தா இருக்கிறார்கள். துபாயில் வேலை போய்க் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர்கள், டிவி, கம்பளிகளோடு ஒரு பாரசீகப் பூனையையும் கொண்டுவந்தார்கள். வெள்ளை நிறம், தட்டை மூக்கு, நீள முடி. ஏ.சி. அறையில் வளர்ந்தது. பாபநாசத்து வெயிலைக் கண்டதும் முடியை உதிர்த்தது. அந்த முடி லாத்தாவுக்கு இளைப்பைக் கிளப்பியது. "நீ தனியாத்தானே கெடக்குறே நுஸைபா. மச்சான் ஷார்ஜாவுல. பேச்சுத் தொணைக்காவது ஆவும்" என்று என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அது சினையாக இருந்ததைச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

நான்கு குட்டி போட்டது. மூன்று நன்றாக வளர்ந்தன. கடைசியாக வந்தது மட்டும் வளரவில்லை. அதற்கு மிட்டாய் என்று பெயர் வைத்தேன். மற்றவை அலமாரியின் உச்சியில் ஏறிச் சாமான்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த நாளிலும் மிட்டாய் என் செருப்புக்குள் படுத்துத் தூங்கியது. ஒருநாள் அதன் தலையைத் தடவினேன். இரண்டு காதுக்கும் நடுவில் எலும்பு இல்லை. தோலுக்கு அடியில் மெத்தென்று இருந்தது. விரலை எடுக்காமல் வைத்திருந்தால் அங்கே துடிப்பது தெரிந்தது.

நீங்கள் சற்று முன் பூந்தியின் தலையில் அதே இடத்தில் விரலை வைத்தீர்கள், உடனே எடுத்துவிட்டீர்கள். "உச்சிக்குழி மூடவே இல்லியேம்மா" என்றீர்கள். ஆமாம். என்னிடம் இருக்கிற எதற்கும் அது மூடாது.

எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. என்னைக் கட்டிய யூனுஸ் மச்சான் என் மாமா மகன். எங்கள் உம்மாவும் வாப்பாவும் சொந்தம், அவர்களைப் பெற்றவர்களும் சொந்தம். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் படம் வரைந்து காட்டினார். கோடுகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நின்றன. அதனால்தான் குழந்தைகள் தங்கவில்லை என்றார். மச்சானுக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, நம்பிக்கையும் வரவில்லை. இரண்டு பேருக்குமே உச்சிக்குழி மூடுகிற பருவம் வரவில்லை. எண்ணெய் வைக்கும்போது உள்ளங்கைக்குக் கீழே துடிக்கும். மனிதக் குழந்தையையும் பூனையையும் ஒன்றாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். படித்தவர்கள் எதற்கும் ஒரு காரணம் கேட்பார்கள், அதனால் சொன்னேன்.

மிட்டாயை யாருக்கும் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. லாத்தாதான் அதைத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் உட்காரவைத்துப் போனில் படம் எடுத்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஷார்ஜா வரைக்கும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். இது எவ்வளவு பெரிதாகும் என்று எல்லோரும் கேட்டார்கள். இவ்வளவுதான் என்று லாத்தா பதில் போட்டார்கள். அதற்கு வந்த பொம்மைகளையும் இதயங்களையும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அதுவரைக்கும் என் வீட்டில் நடந்த எதையும் இத்தனை பேர் மெச்சியதில்லை.

நான் பூனை விற்றவள் என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. பூனைக்கு விலை வாங்கக் கூடாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். நான் வாங்கியதே இல்லை. குட்டியை அன்பளிப்பாகத்தான் கொடுப்பேன். வாங்கிக்கொண்டவர்கள் மனம் விரும்பி ஹதியா தருவார்கள். ஒருவர் சலவை இயந்திரம் தந்தார். ஒருவர் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார். லாத்தா வளையல் போட்டார்கள். மனம் விரும்பாதவர்களுக்கு அடுத்த முறை குட்டி இருக்காது, அவ்வளவுதான்.

சின்னது வேண்டுமென்றால் சின்னதும் சின்னதும் சேரவேண்டும். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. மிட்டாய்க்கு வெளியிலிருந்து கடுவன் பார்த்தால் குட்டி திடமாகிவிடும். அதனால் சொந்தத்திலேயே பார்த்தேன். இதை நான் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். "எங்க பக்கமும் அத்தை மவன், மாமன் மவன்தாம்மா. நான்தான் வேணாம்னு அடம்புடிச்சிட்டு இருக்கேன்" என்றீர்கள். நான் அந்தச் சொந்தத்தைச் சொல்லவில்லை. முதலில் மிட்டாய்க்கு அதன் கூடப்பிறந்ததையே பார்த்தேன். பிறகு அதன் மகனை. மனிதர்களுக்கு அது ஆகாது என்று எனக்குத் தெரியும். பூனைக்கு நிக்காஹ் கிடையாது. பூந்தியின் தகப்பன்தான் பூந்தியின் தாய்க்கும் தகப்பன். இப்போது இதன் வயிற்றில் இருப்பவற்றுக்கும் அவன்தான். உங்கள் வேலைக்கு இது தேவைப்படும் என்றுதான் மறைக்காமல் சொல்கிறேன்.

எல்லாம் தங்கின என்று சொல்லமாட்டேன். சில பின்னங்கால் பின்னிக்கொண்டு நடக்கும். சில பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே சோர்ந்து சில்லிட்டுவிடும். சிலவற்றுக்குக் கைகால் வெட்டி இழுப்பு வரும். இழுப்பு நின்றதும் எதுவுமே நடக்காததுபோல் வந்து மடியில் ஏறும். அதைப் பார்த்தால் யாருக்கும் மனது இளகிவிடும். பூந்திக்கும் இழுப்பு உண்டு. இன்று காலையிலும் வந்தது. மிட்டாய் கடைசிப் பேற்றில் குட்டி போட முடியாமல் உயிரை விட்டது. இப்போது பூந்தி படுத்திருக்கிறதே, இதே மாதிரிதான் படுத்திருந்தது.

"அதைக் கண்ணால பாத்த பொறவும் இதை எதுக்கும்மா சேத்தீங்க?" என்கிறீர்கள்.

பூந்தியைவிடச் சின்னதாக ஒன்று கேட்டிருந்தார்கள்.

தீனி விஷயமும் உங்களுக்குத் தெரியவேண்டும். பட்டினி போட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். அளவாகக் கொடுத்தேன். வயிறு சொன்னபடி கேட்கும். முதலில் கத்தும். பிறகு கத்தக்கூடாது என்று அதற்கே தெரிந்துவிடும். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்தபோது நானும் கொஞ்சநாள் அழுதேன். பிறகு அந்த வீட்டின் அளவுக்கு அடங்கிவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பார்க்கிறீர்கள் அல்லவா, நன்றாகத்தான் இருக்கிறேன்.

குட்டி வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்புவேன். மீன், கறி எதுவும் காட்டக்கூடாது, காட்டினால் மூளைக்கு ஏறி இழுப்பு வந்துவிடும் என்று. அது உண்மையில்லை. மீன் தின்றால் வளர்ந்துவிடும். வளர்ந்துவிட்டால், சின்னப் பூனை என்றுதானே கொடுத்தாய் என்று என்னிடம் வருவார்கள்.

பஞ்சநதம் என்று ஒரு பெரியவர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். மனைவி தவறியபின் தனியாக இருந்தவர், என்னிடம் ஒரு குட்டி வாங்கிப்போனார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கடைத்தெருவுக்குப் போவாராம். தீபாவளி கழிந்து ஒருநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை இருந்தது. திறந்து காட்டவில்லை.

"கொழந்தை போயிடுத்தும்மா" என்றார். "மடியிலேயே இழுத்துண்டு போயிடுத்து. நான் எங்க தப்பு பண்ணினேன்னு கேட்டுண்டு போகத்தான் வந்தேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "மீன் ஏதாவது குடுத்தீங்களாய்யா?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா மீனுக்குப் போவேன். அடுத்தாத்துப் பொண்ணு ஒருநாள் நெத்திலிக் கருவாடு ஒண்ணு போட்டுட்டா. ஒண்ணே ஒண்ணு. நான் பாத்துண்டுதான் இருந்தேன். ஆசையாத் தின்னுது, வாயிலேர்ந்து பிடுங்க மனசு வரலே."

"அதாங்கய்யா" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கவனக்குறைவுக்கு உன்னிடம் வந்து நிற்கிறேனே, மன்னித்துக்கொள் என்றார். மன்னித்தேன். இன்னொரு குட்டியும் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் ஒரு பூவன் தார் கொடுத்தனுப்பினார். அவரைத் திருத்தியிருக்கலாம்தான். ஆனால் தன்னால்தான் போனது என்று நினைக்கிறவர்கள் அடுத்த குட்டியை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி அந்தத் துணி விஷயம்.

என்னதான் சொந்தத்தில் சேர்த்தாலும் எல்லாக் குட்டியும் சின்னதாக வராது. ஒன்றிரண்டு நல்ல எலும்போடு பிறந்துவிடும். கண் திறப்பதற்கு முன்பே தெரியும், முட்டி மோதி முதல் காம்பைப் பிடித்துக்கொள்ளும். தலையில் கைவைத்தால் கெட்டியாக இருக்கும். விரலுக்கு எதுவும் துடிக்காது. அப்படிப்பட்டதை யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கும் அதில் மனம் ஒட்டாது. வளர்ந்ததெல்லாம் என்னவாயிற்று என்று மச்சான் போனில் கேட்பார். "நாகூருக்கு உம்மா வூட்டுக்கு அனுப்பிட்டேன். அங்க மீனுக்கு என்ன பஞ்சம்" என்பேன். "பூனைக்குக் கூட ஒரு நல்ல நாடு பாத்து அனுப்பி வைக்கிறே" என்று சிரிப்பார். தன் அறையில் இருக்கிறவர்களிடமும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நான் பிறந்தது நாகூரில். கடலில் போட்டதைக் கடல் வைத்துக்கொள்ளும் என்று பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த வீட்டின் கொல்லையை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறது. அது ஆற்றுக்குப் போகும், ஆறு கடலுக்குப் போகும் என்று நினைத்தேன். எங்களுக்கு நிலம் கிடையாது. வாய்க்காலின் போக்கு நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வயலில் இறங்குபவர்களுக்கும்தான் தெரியும். மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து ஒரு மடு ஆகியிருக்கும், கனமானது எதுவும் அதைத் தாண்டாது, தை மாதம் மேட்டூர் அணையை மூடியதும் சேற்றில் இறங்கி மீன் அரிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சாக்கு மேலே மிதந்து நாலு பேர் கண்ணை உறுத்தக்கூடாதே என்று நான் ஒவ்வொன்றிலும் ஒரு செங்கல் வைத்திருந்தேன்.

உங்கள் அம்மா காத்தாயி அறுப்பு இல்லாத நாளில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவார். அன்றைக்கு அவர் தட்டில் மீன் இல்லை. ஒரு துணிக்கிழிசல் இருந்தது. வெள்ளைத் துணி, நீலக்கரை.

"பாயம்மா, இது உங்க துப்பட்டிதானே. கொடியில காயுறப்ப பாத்திருக்கேன்" என்றார்.

"பழசு. குப்பையில போட்டது" என்றேன்.

"குப்பையில போட்டது எப்புடிப் பாயம்மா மதவு மடுவுல சாக்கு வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கும்?"

நான் கதவைப் பாதி சாத்தினேன்.

"விரால்னு நெனச்சுத்தான் இழுத்தேன். போன வாரந்தான் போட்டிருக்கும்போல. நல்லாக் கொழுகொழுன்னு இருந்துச்சுங்க. வவுறு முட்ட முட்ட. சீக்குப் புடிச்சதைப் போட்டாக்கூட மனசு ஆறும்." கிழிசலை என் படியில் வைத்தார். "எம் பொண்ணு மாட்டு டாக்டரு. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா அதுவாச்சும் ஆளைப் பாத்துக் குடுத்திருக்கும். நீங்கதான் வாசப்படி தாண்டமாட்டீங்களே. இதுக்கு மட்டும் மதவு வரைக்கும் எப்புடிப் போனீங்க?"

உங்கள் அம்மா என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வாசலில் மீன் என்று குரல் கொடுக்கவுமில்லை. உங்களிடம் சொல்லியிருப்பார் என்று தெரிந்துதான் இதே துணியில் பூந்தியைச் சுற்றிக் கொண்டுவந்தேன். வேறு துணி இல்லாமலா. எனக்கு வாயால் ஆரம்பிக்க வராது.

"உசுரோடயா போட்டீங்க?" என்று இப்போது கேட்கிறீர்கள்.

ஆமாம். ஆனால் வெறும் வயிற்றோடு ஒன்றைக்கூட அனுப்பியதில்லை. அன்றைக்கு மட்டும் தண்ணீர் கலக்காத பால் கொடுப்பேன். உங்கள் அம்மாவிடமே வாங்கிய மீனை முள் எடுத்து வேகவைத்து, போதும் என்று அதுவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரைக்கும் ஊட்டுவேன். வயிறு நிறைந்தால் தூங்கிவிடும். தூக்கத்திலேயே கட்டிவிடுவேன். எத்தனை என்று கேட்காதீர்கள், நான் எண்ணிவைத்துக்கொள்ளவில்லை. அம்மா கண்டெடுத்தது ஒரு மதகில்தான்.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டேன். பூந்திக்கு இன்னும் ஏழு மாதம் முடியவில்லை. படத்தில் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வயது என்று சொல்லிச் சொல்லி அப்படியே வாயில் வந்துவிட்டது. சேர்த்தபோது அதற்குக் கடைவாய்ப் பல்கூட விழுந்து முளைக்கவில்லை. நீங்கள் நினைத்தது சரிதான். அதுவே குட்டிதான்.

என்னை அப்படிப் பார்க்கவேண்டாம். கையில் மருந்து இருக்கிறது.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டும், தாய் பிழைப்பது நிச்சயமில்லை, பிழைத்தால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவேன், என்னிடம் திருப்பித் தரமாட்டேன் என்கிறீர்கள். வீட்டில் மிச்சம் இருப்பவற்றையும் நாளைக்கு ஆளோடு வந்து எடுத்துக்கொண்டு போவேன் என்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். பஞ்சநதம் ஐயாவிடமும் சொல்லிவிடுங்கள், நெத்திலியால் இல்லை என்று. நான் சொன்னால் நம்பமாட்டார், என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இனிமேல் நான் பூனை வளர்க்கமாட்டேன். செய்தது தவறு என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு விளங்குகிறது. இவ்வளவு பொறுமையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஒன்று மட்டும், டாக்டரம்மா. உள்ளே இருப்பதில் பெரியதுதான் வழியில் மாட்டியிருக்கும். அதை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், அவர் நன்றாக வளர்ப்பார். அதற்குப் பின்னால் கடைசியாக ஒன்று வரும். உயிர் இருக்கிறதா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. ஒதுக்கிப் போட்டுவிடாதீர்கள். துடைத்து என்னிடம் கொடுங்கள். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக வைத்திருக்கிறேன்.